கிளியும் அன்னமும்

பெருந்துறைக்கு அருகே சீனாபுரம் என்றோர் ஊர் உண்டு. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் சனகை இதுவே என்பது எங்கள் வட்டாரத்தார் கொள்கை. மைசூர்ப் பக்கத்தது என்பாரும் உளர். அவ்வழக்கு நிற்க. 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் அரசன் வேண்ட எழுந்த அந்நூல் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே இன்றைய பேச்சு.

நன்னூல் என்றதும், 'மனப்பாடச் சூத்திரம்' என்று முகஞ்சுளிப்போர் பலர். அதன் பாயிரத்தைப் படித்தால் அவ்வாறு சுளிக்கமாட்டார்கள். அன்னமும் பசுவும் போன்றோர் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றோர் கடைமாணாக்கர் என்கிறார் முனிவர். சொல்லிக்கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் கிளிக்கு நம் தேர்வுகளில் முதல் மதிப்பெண்ணே கிடைத்துவிடும். அவரோ அதனை நடுவில் நிறுத்திவிட்டார்! பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்துக்கன்றோ முதலிடம்?

இன்னொன்றும் கேளுங்கள். ஆசிரியர் உரைத்ததை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும், புலமையில் காற்பங்குதான் கைவருமாம். உடன் பயில்வோரோடு கலந்து ஆராய்வதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்கணக்கு, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற கொள்கைகள் எதற்கும் இளைத்ததன்று. வினாவுதலையும், வினவியதற்கு விடை கூறுதலையும் மாணாக்கனின் கடமை என்றே அந்நூல் விதிக்கிறது. நூலாசிரியனுக்குரிய எழுவகை மதங்களில், பிறர் கொள்கையை மறுத்தலும் ஒன்று.

'அதே நன்னூல் ஆசிரியர்க்கு அடங்கி நடக்கவும் சொல்கிறதே' என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறது, போகச் சொன்னால்தான் போக வேண்டும் என்கிறது. அவ்வளவு பணிவு இக்காலத்துக்கு வேண்டுவதில்லை என்பது என் கருத்து. ஆயினும், பணிவும் வினாவும் ஒரே மாணவனிடம் இருக்கக்கூடும் என்று அவர் கருதினார் அல்லவா? வினா எழுப்புபவனை அடங்காதவன் என்று முத்திரை குத்தும் வகுப்பறைகள் இன்றும் உள. அங்கே வாய்திறவாது அமர்ந்து பழகிய பிள்ளை, ஊர்ப்பொதுவில் ஒருவன் பொய்யுரைக்கும்போது மட்டும் எழுந்து கேட்பானா?

ஒருமுறை இப்பகுதியை நான் நடத்துகையில், கடைசிப் பலகையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "அன்னம் பாலைப் பிரிப்பதை யாரேனும் கண்டதுண்டா, ஐயா?" என்றான். நான் கண்டதில்லை என்றேன். காணாத ஒன்றைப் புலவர்கள் ஏன் உவமையாக்கினர் என்று வகுப்பே வாதிட்டது. மணி அடித்தும் ஓயவில்லை. அன்றைக்குரிய பாடத்தை மறுநாள்தான் தொடங்க முடிந்தது.