கடல் கடக்கும் குழந்தை

தாய் தந்தையர் பிரிந்தபின் குழந்தையை யார் எத்தேசத்துக்கு அழைத்துச் செல்வதென்ற விவகாரம் வீட்டு வழக்கென்று ஒதுக்கத் தக்கதன்று. 2020-ஆம் வருஷம் அக்டோபரில் நமது சுப்ரீம் கோர்ட்டார் அத்தகைய வழக்கொன்றில் அளித்த உத்தரவையும், மறு வருஷமே அதனைத் தாமே வாபஸ் வாங்க நேர்ந்த வரலாற்றையும் நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

தாயார் டில்லியிலும், தந்தையார் கென்யாவிலும் வசித்தனர். டில்லியில் தாயிடம் வளர்ந்த பையனுக்குப் பதினொரு வயது நிரம்பும் தறுவாய். தந்தை அவனைத் தம்முடன் அழைத்துச் செல்லலாமென்று கீழ்க் கோர்ட்டுகள் செய்த முடிவைச் சுப்ரீம் கோர்ட்டில் இரு நீதிபதிகள் ஸ்திரப்படுத்தினர், மூன்றாமவர் மாறுபட்டார். நிபந்தனைகள் இலேசானவையல்ல. நமது உத்தரவின் பிரதிபிம்பமாக நைரோபிக் கோர்ட்டிலும் ஓர் உத்தரவு முன்னரே பெறப்பட வேண்டும். ஒரு கோடி ரூபாய் கட்டப்பட வேண்டும். தாய் பிள்ளையைப் பார்க்கவும் பேசவும் இடமிருக்க வேண்டும். பிள்ளை போயிற்று. பின்னர் அத்தகப்பனாரே இந்தியத் தீர்ப்புகள் செல்லாவென்று கென்யக் கோர்ட்டை நாடினார். உத்தரவு மோசடியால் பெறப்பட்டதென்று கண்ட சுப்ரீம் கோர்ட்டார் 2021-இல் அதனை ரத்துச் செய்து, 2022-இல் கோர்ட்டை அவமதித்த குற்றத்துக்காக ஆறு மாதச் சிறையும் இருபத்தைந்து லக்ஷம் ரூபாய் அபராதமும் விதித்தனர். தண்டனைக்குரியவரோ கடலுக்கப்பால் இருந்தார்.

இந்நிலைமை சென்னைக்குப் புதிதன்று. ஸ்ரீ நாராயணய்யா தம் புதல்வர் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் நித்யானந்தரையும் அன்னி பெஸன்ட் அம்மையாரிடமிருந்து மீட்கத் தொடுத்த வழக்கை முதியோர் பலர் கேள்வியுற்றிருப்பர். அது தம்பதிகளின் பிணக்கன்று. தாயார் முன்னரே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கையில் 1913-இல் சென்னை ஹைக்கோர்ட்டார் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தனர். 1914-இல் பிரிவி கவுன்ஸிலார் அதனைத் தள்ளினர். பிள்ளைகள் செங்கற்பட்டு ஜில்லாவில் சாதாரணமாக வசிப்பவரல்லர், ஆதலின் ஆங்கிலேயக் கோர்ட்டை நாடுக என்பது அவர்கள் சொன்ன நியாயம். சாதாரண வாசம் என்னும் அந்த நிபந்தனை அடங்கிய 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டம் இன்றும் அமுலில் உள்ளது. பிரிவி கவுன்ஸில் போயிற்று, சங்கடம் போகவில்லை.

மறுபுறத்தையும் பார்ப்போம். அயல் நாட்டில் வாழும் தம்பதியருள் ஒருவர், பெரும்பாலும் தாய், குழந்தையுடன் தாய்நாடு திரும்பிவிடுகிறார். அந்நாட்டுக் கோர்ட்டு, திருப்பியனுப்புக எனக் கட்டளையிடுகிறது. அக்கட்டளை கவனிக்கத்தக்க விஷயங்களுள் ஒன்றேயன்றி முடிவானதன்று, குழந்தையின் க்ஷேமமே பிரதானம் என்று 2017-இல் சுப்ரீம் கோர்ட்டார் தெளிவுபடுத்தினர். அந்நியக் கோர்ட்டின் ஓலையைத் தபால்காரனைப்போல் கொண்டு சேர்ப்பது சுதந்தர தேசத்துக் கோர்ட்டின் வேலையன்றாதலின், இதனை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி உண்டு. லண்டன் உத்தரவை நாம் நமது விருப்பம்போல் எடை போடுவோமாயின், நமது உத்தரவை நைரோபி அவ்விதமே எடை போடுவதை எந்த முகத்துடன் ஆக்ஷேபிப்பது? சுயமரியாதை ஒருவழிப் பாதையாக இருத்தல் இயலுமோ?

1980-ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கை இதற்கென்றே ஏற்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தையை அக்கிரமமாக வேறு தேசம் கொண்டுபோயின், வழக்கமாக வசித்த தேசத்துக்கு விரைவில் திருப்பியனுப்ப வேண்டும். யாருக்கு உரிமை என்பதை அந்நாட்டுக் கோர்ட்டே விசாரிக்கும். குழந்தைக்குக் கடும் அபாயம் நேருமாயின் அனுப்ப மறுக்கலாம். இதிற் சேருமாறு நமது சட்டக் கமிஷனார் 2009-இலேயே சிபார்சு செய்தும், சர்க்கார் சேரவில்லை. அடி உதைக்கு அஞ்சி ஓடிவரும் ஸ்திரீகளைக் குற்றவாளிகளாக்கிவிடும் என்பது சொல்லப்படும் காரணம். இதனை அற்பமென்று தள்ளுவார் கருத்து எமக்கு உடன்பாடன்று. கணவனது விஸாவை நம்பி வாழ்ந்தவள், கைப்பொருளோ பந்துக்களோ இல்லாத ஊருக்கு மீண்டும் போய் வழக்காடுவது எங்ஙனம்? ஆனால் அந்த ஆக்ஷேபம் சட்டத்தைத் திருத்தி எழுதுவதற்குக் காரணமாகலாம். சட்டமே வேண்டாமென்பதற்குக் காரணமாகாது. இன்றைய நிலையில் முதலில் விமானம் ஏறியவர் பக்கமே காலம் நிற்கிறது. விசாரணை வருஷக்கணக்கில் நீளுமாயின் குழந்தை புதிய ஊரிலும் புதிய பாஷையிலும் வேரூன்றிவிடுகிறது. பிறகு அவ்வேரையே காட்டி வழக்கு முடிகிறது.

2016-இல் சட்டக் கமிஷனாரும், 2018-இல் நீதிபதி ராஜேஷ் பிந்தால் கமிட்டியாரும் மசோதாக்கள் தயாரித்துக் கொடுத்தனர். அவற்றுடன் மூன்று அம்சங்களை நாம் வற்புறுத்துகிறோம்: சில வாரங்களுக்குள் முடியும் விசாரணை; கொடுமைக்குள்ளான தாய்க்கு அயல் நாட்டில் வக்கீல் செலவும் தங்குமிடமும் ஜாமீனாகக் கிடைத்தாலன்றிக் குழந்தையை அனுப்பலாகாது என்ற விதி; இந்தியாவிலிருந்து குழந்தையை அழைத்துச் செல்வோர் அயல் கோர்ட்டிற் பெற்ற உத்தரவின் உண்மையை, பிரயாணத்துக்கு முன் நமது ஸ்தானிகரே நேரில் விசாரித்து அத்தாட்சி அளித்தல். தமிழ்நாட்டுப் பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பாராளுமன்றத்தில் பிரஸ்தாபிப்பார்களாக.