பச்சைக் குழந்தையின் மூளையில் இரத்தம் ஓடுகிறதா?

பச்சைக் குழந்தையின் உச்சந்தலை மெத்தென்று இருக்கும். அதுதான் உச்சிக்குழி. அங்கே எலும்பு இன்னும் கூடவில்லை. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் கூடிவிடும்.

3 கிலோ குழந்தைக்கு மூளை மட்டும் ஏறக்குறைய 350 கிராம். அதற்கு ஓயாமல் இரத்தம் வேண்டும். இரத்தம்தான் பிராண வாயுவைக் கொண்டு போகிறது. பிறந்ததும் அழாத குழந்தைக்கு இந்த ஓட்டம் குறைந்திருக்கலாம். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு மூளையின் இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. முதல் 3 நாட்களில் இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். அதனால்தான் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்.

ஸ்கேன் ஒரே வகையா? இல்லை.

அல்ட்ராசவுண்ட்: நம் காதுக்குக் கேட்காத ஒலியை உச்சிக்குழி வழியாக அனுப்புவார்கள். அது பட்டுத் திரும்பினால் படம் தெரியும். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் சுருதி இறங்கும். இந்த மாற்றத்தை 1842-ல் விளக்கியவர் டாப்ளர். ஓடும் இரத்தத்தில் பட்ட ஒலியும் இப்படி மாறும். அதிலிருந்து இரத்தத்தின் வேகம் தெரியும். குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம். வலி இல்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை. ஆனால் பெரிய குழாய்களின் வேகம்தான் தெரியும். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு இரத்தம் போகிறது என்று தெரியாது.

எம்.ஆர்.ஐ.: இது பெரிய காந்தம். இதிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று இதில் அளக்க முடியும். ஆனால் நேரம் ஆகும். சத்தம் அதிகம். குழந்தை அசையக் கூடாது. மிகவும் பலவீனமான குழந்தையை அங்கே கொண்டு போவதே கடினம்.

சி.டி. ஸ்கேன்: சீக்கிரம் முடியும். ஆனால் எக்ஸ்ரே கதிர் உண்டு. ஆகவே அவசியம் இருந்தால் மட்டுமே பச்சைக் குழந்தைக்கு எடுப்பார்கள்.

ஒளிப் பட்டை: டார்ச் விளக்கை விரலில் வைத்து அழுத்துங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். ஒளி சதைக்குள் புகுகிறது, இல்லையா? அதேபோல நெற்றியில் ஒரு பட்டை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புவார்கள். இரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு என்று மணிக்கணக்கில் பார்க்கலாம். படம் வராது. மூளையின் மேல்பகுதி நிலை மட்டும் தெரியும்.

எது நல்லது? ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. முதலில் அல்ட்ராசவுண்ட். குழந்தை தேறிய பிறகு, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. இதுவே வழக்கம்.

பெங்களூரில் வாணி விலாஸ் மருத்துவமனை 1935 முதல் இருக்கிறது. நிமான்ஸ் பக்கத்தில் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2011-ல் மத்திய அரசு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தைக் கொண்டுவந்தது. இதன்படி அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சைக் குழந்தைக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வீட்டில் நீங்களும் கவனியுங்கள். குழந்தை அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருக்கிறதா? அல்லது உள்ளே அமுங்கி, வாய் உலர்ந்திருக்கிறதா? விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "இது எந்த ஸ்கேன்? இதில் என்ன தெரியும்?" கேட்பது பெற்றவர்களின் உரிமை.