குதிகால் நாணும் தொழுகை விரிப்பும்

 

ஃபஜ்ருக்கு எழுந்து கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது, குதிகாலின் பின்புறம் கத்தியால் குத்துவதுபோல் வலி எடுப்பதுண்டா? உளூச் செய்து திரும்புவதற்குள் அவ்வலி அடங்கிவிடும். ஆதலால் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

காரிமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் அவ்வாறே அலட்சியமாக இருந்தார். சில மாதங்களில் பள்ளிவாசலின் முன்வரிசையில் அவரைக் காணவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். "ஸுஜூதிலிருந்து எழும்போது உயிர் போகிறது ஹஜ்ரத், நாற்காலி போட்டுத் தொழவும் வெட்கமாக இருக்கிறது" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

நம் பக்கத்தில் இதனை 'குதிகால் நரம்பு பிடித்துக்கொண்டது' என்பர். உண்மையில் அது நரம்பன்று. கெண்டைக்கால் சதையைக் குதியெலும்போடு பிணைக்கும் தசைநாண். உடலிலுள்ள நாண்களுள் மிகத் தடித்ததும் வலியதும் அதுவே. எனினும் இரத்த ஓட்டம் குறைவாதலால், சதையைப்போல் அது விரைந்து ஆறுவதில்லை. வாரங்களில் அன்று, மாதங்களில்தான் தேறும்.

காலை நீட்டிப் படுத்திருப்பதே மருந்து என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரியவரும் இரண்டு மாதம் படுத்திருந்தார். வலி தணிந்தது, கடை திறந்த வாரமே திரும்பி வந்தது. வேலை கொடுக்கப்படாத நாண் வலுவிழக்கிறது. அளவறிந்து சுமை ஏற்றினாலன்றி அது உறுதி பெறாது.

1998-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் இதற்கோர் எளிய பயிற்சியை எழுதி வெளியிட்டார். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, இரு கால்களாலும் குதிகாலை உயர்த்த வேண்டும். பின்னர் நோயுற்ற காலை மட்டும் ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லப் படிக்குக் கீழே இறக்க வேண்டும். முழங்கால் நிமிர்ந்த நிலையில் 15 முறை வீதம் 3 சுற்று. சற்றே மடித்த நிலையில் மீண்டும் அவ்வளவே. நாளொன்றுக்கு இருவேளை, 12 வாரங்கள். அவரிடம் பயின்ற ஓட்டப் பழக்கமுடைய 15 பேரும் மீண்டும் ஓடினர். பயிற்சியின்போது சிறிது வலி தோன்றுவது குற்றமன்று. மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். தணியாவிடில் சுமை மிகுந்துவிட்டது என்று பொருள்.

ஒன்றைக் கவனிக்க. நாண் எலும்பில் வந்து சேரும் அடிமுனையில் வலி இருப்பின், படிக்குக் கீழே இறக்கலாகாது. தரைமட்டத்தோடு நிறுத்த வேண்டும். கீழே இறக்கினால் நாண் எலும்போடு அழுந்தி நோவு மிகும். ஸுஜூதிலிருந்து விரல்களை ஊன்றி எழும்போது நேர்வதும் ஏறத்தாழ இதுவே. ஆகவே இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் காலைக் காட்டிவிட்டுத் தொடங்குவதே நலம்.

யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் திடீரென உணர்ந்து, பின்பு முன்பாதத்தில் எழும்ப இயலாவிடில், நாண் அறுந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். எண்ணெய் தடவி உருவிவிடுவோரிடம் செல்லாதீர்கள். நீரிழிவுடையோரும் ஸ்டீராய்டு உட்கொள்வோரும் கூடுதல் எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு நாம் சாதாரணமாக வாங்கி விழுங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளும் நாணைப் பழுதாக்கக்கூடும் என்பது பலர் அறியாதது.

கிரிக்கெட் வீரர் முஹம்மது ஷமியை உங்கள் பிள்ளைகள் அறிவர். 2023 உலகக் கோப்பையில் 7 ஆட்டங்களில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தியவர். 2024 பிப்ரவரியில் இதே நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பெங்களூருவில் பயிற்சி நடக்கையில் முழங்கால் வீங்கியதால் மேலும் தாமதம். 2024 நவம்பரில்தான் ரஞ்சி ஆட்டத்திற்குத் திரும்பினார். அத்தனை வசதிகள் இருந்தும் அவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது! பத்து நாளில் குணமாகவில்லையென்று வைத்தியரை மாற்றும் நாம் என்ன சொல்வது?

நாற்காலிக்கு வெட்கப்படவும் வேண்டியதில்லை. நோயுற்றிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரி பதிவு செய்துள்ளது. உங்கள் காலுக்குரிய சலுகை எதுவரை என்பதை உள்ளூர் இமாமிடம் கேட்டறியுங்கள்.

பெரியவருக்குப் பயிற்சியின் 11-ஆவது வாரம். அஸ்ர் பாங்கு ஒலிக்கும் நேரம், பள்ளிவாசல் படியின் விளிம்பில் கைப்பிடியைப் பற்றியவாறு நின்றிருந்தார். உள்ளே வருமாறு அழைத்தேன். இன்னும் ஐந்து பாக்கி என்று விரல்களை விரித்துக் காட்டினார்.