முதுகுத்தண்டு அடிபட்டால் சிறுநீர் நின்று போவது ஏன்? கிட்னியை காப்பாற்றும் ‘கடிகார’ வைத்தியம்

வேலூர்:

பனை, தென்னை ஏறும்போது தவறி விழுபவர்கள், சாரத்தில் இருந்து விழும் கட்டிட தொழிலாளர்கள், பைக் விபத்தில் சிக்குபவர்கள்... இவர்களில் சிலருக்கு முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்கு கீழே உணர்ச்சியே இல்லாமல் போய்விடுகிறது. கால் திரும்ப வருமா, வராதா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலை. ஆனால் சத்தமில்லாமல் உயிருக்கு உலை வைப்பது சிறுநீர்ப்பை.

என்ன நடக்கிறது?

சிறுநீர்ப்பை நிரம்பியதும் அந்த சேதி முதுகுத்தண்டு நரம்பு வழியாக மூளைக்கு போகும். மூளை உத்தரவு கொடுத்ததும் பை சுருங்கி, அதன் வாய் திறக்கும். தண்டுவடம் அடிபட்டால் இந்த தொடர்பு அறுந்து போகிறது.

சிலருக்கு பை தொளதொளவென்று ஆகி, நிரம்பி வழிந்து சொட்டும். ‘அதான் சிறுநீர் போகுதே’ என்று வீட்டார் நினைச்சுக்குவாங்க. உள்ளே பை நிரம்பியேதான் கிடக்கும். இன்னும் சிலருக்கு பை தானாக இறுகும், ஆனால் வாய் திறக்காது. அழுத்தம் தாங்காமல் சிறுநீர் மேலே கிட்னிக்கே திரும்பும். கிருமி தொற்று, கல் என்று ஆரம்பித்து கிட்னியே கெட்டுவிடும். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் நிறைய பேர் இறந்தது இப்படித்தான்.

சோப்பும் டியூப்பும் போதும்

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க டாக்டர் ஜேக் லேபிடஸ். 1972-ல் அவர் சொன்ன வழி ரொம்ப எளிது. நோயாளியே சோப்பு போட்டு கை கழுவி, மெல்லிய சுத்தமான டியூப்பை சிறுநீர் துவாரம் வழியாக நுழைத்து, சிறுநீர் முழுவதும் வடிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். டியூப் எப்போதும் உள்ளேயே இருக்க தேவையில்லை.

பொதுவாக 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படி எடுக்க சொல்கிறார்கள். பையில் 500 மில்லிக்கு மேல் சேரக்கூடாது. ஒழுகும் என்று பயந்து தண்ணீரை குறைத்தால் தொற்றும் கல்லும்தான் வரும். பை ரொம்ப இறுகினால் மாத்திரை உண்டு. அதுக்கும் அடங்காவிட்டால் பைக்குள் போடும் ‘போடாக்ஸ்’ ஊசியும் இருக்கிறது.

மலத்துக்கும் நேரம்

தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் உட்கார வேண்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். வயிற்றை தடவி விடுவது, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை ஆகியவை உதவும். சில வாரம் பழகினால் குடல் அந்த நேரத்துக்கு ஒத்துக்கொள்ளும். நடுவில் துணி நனையும் பயம் குறையும்.

உஷார்

கழுத்து, மேல் முதுகு அடிபட்டவர்களுக்கு திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். சிறுநீரோ மலமோ அடைத்திருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீரை எடுக்க வேண்டும். டியூப் போட்டிருந்தால் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் 108-ஐ கூப்பிட வேண்டும்.

சக்கர நாற்காலி டாக்டர்

வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது.

வெட்கப்பட்டு மறைத்தால் போவது கிட்னி. கடிகாரத்தை பார்த்து டியூப் போட பழகிவிட்டால், சக்கர நாற்காலியிலும் வேலைக்கு போகலாம், கல்யாண வீட்டுக்கும் போகலாம்.