மாட்டு இன்சூரன்ஸ் மறுக்கப்பட்டால் விவசாயி செய்ய வேண்டியது என்ன?

இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் ஒரு மாடு இறந்தால் வருமானத்தில் பாதி அன்றே நின்று விடுகிறது. மாடு போனாலும் அதற்காக வாங்கிய வங்கிக் கடன் போவதில்லை. இத்தகைய நேரத்தில் கைகொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ். ஆனால் பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தும், "தங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை" என்ற கடிதமோ, காப்பீடு செய்த தொகையில் பாதிக்கான காசோலையோ வந்து சேர்வது உண்டு. பல விவசாயிகள் தலைவிதி என்று அதோடு விட்டு விடுகிறார்கள். அப்படி விட வேண்டிய அவசியம் இல்லை. கம்பெனியின் முதல் பதில் முடிவான பதில் அல்ல. செலவில்லாமல் முறையிட வழிகள் உள்ளன. ஆனால் அந்த வழிகளில் வெற்றி பெறுவது, விவசாயியின் கையில் உள்ள காகிதங்களைப் பொறுத்தது.

மறுப்பை எழுத்தில் பெறுவது முதல் வேலை

"தோடு இல்லை, கிளெய்ம் வராது" என்று ஏஜெண்டோ வங்கி ஊழியரோ வாயால் சொல்வதை மறுப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த நிபந்தனையின்படி மறுக்கப்படுகிறது என்பதைக் காரணத்துடன் எழுதித் தருமாறு கம்பெனியின் கிளை அலுவலகத்தைக் கடிதம் மூலம் கேட்க வேண்டும்.

இதில் பெரிய நன்மை ஒன்று உள்ளது. மறுப்புக் கடிதத்தில் குறிப்பிடாத காரணத்தைக் கம்பெனி பின்னர் வழக்கின்போது புதிதாகக் கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016, 2019 ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளில் கூறியுள்ளது. ஆகவே கடிதத்தில் உள்ள காரணத்துக்கு மட்டும் விவசாயி பதில் சொன்னால் போதும்.

கடன் வாங்கி மாடு வாங்கியவர்களின் பாலிசி பெரும்பாலும் வங்கியிலேயே தங்கி விடுகிறது. அதன் நகலை நிபந்தனைகளுடன் வங்கியிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். சில சமயம் கணக்கிலிருந்து பிரீமியம் பிடிக்கப்பட்டிருக்கும்; ஆனால் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் பாலிசி காலாவதியாகி இருக்கும். அப்படியானால் புகாரில் வங்கியையும் சேர்க்க வேண்டும். பிரீமியம் பிடித்த நாள் பதிவான பாஸ் புத்தகமே அதற்குச் சாட்சி.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களும் பதில்களும்

1. காது வில்லை இல்லை: மாட்டு இன்சூரன்ஸில் மிகுதியாகச் சொல்லப்படும் காரணம் இதுவே. "வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை" என்று பல பாலிசிகளில் தெளிவாகவே எழுதியிருக்கும். எனவே மாடு உயிரோடு இருக்கும்போது வில்லை அறுந்து விழுந்தால், அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, மறு வில்லை போட்டு, புதிய எண்ணைப் பாலிசியில் பதியச் செய்ய வேண்டும். அரசுத் திட்டத்தில் போடப்படும் 12 இலக்க வில்லையின் எண்ணும் பாலிசியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது.

வில்லை அறுந்ததைத் தெரிவித்த பிறகு, மறு வில்லை போட ஆள் வருவதற்குள் மாடு இறந்திருந்தால் அந்தக் கடிதமே பதிலாகும். தெரிவிக்காமல் இருந்திருந்தால் நிலைமை கடினம். அப்போதும் காப்பீட்டின்போது மருத்துவர் எழுதிய நிறம், கொம்பு, வால் குஞ்சம், நெற்றிச் சுட்டி முதலிய அடையாளங்கள் பிரேத பரிசோதனை அறிக்கையோடு ஒத்துப்போனால், இறந்தது அதே மாடுதான் என்று வாதாட இடம் உண்டு.

2. தாமதமாகத் தெரிவித்தது: மாடு இறந்தவுடன் தெரிவிக்க வேண்டியது விவசாயியின் கடமை. ஆயினும் தாமதம் ஒன்றையே காரணமாகக் காட்டி, உண்மையான கோரிக்கையை இயந்திரம் போல் தள்ளுபடி செய்யக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. வாகனத் திருட்டு வழக்கு ஒன்றில் 2017இல் உச்ச நீதிமன்றமும் இதே கருத்தைக் கூறியது. தாமதத்திற்கு நியாயமான காரணம் இருந்தால் அதை ஆதாரத்துடன் எழுத வேண்டும்.

3. நோய் முன்பே இருந்தது: பல பாலிசிகளில் முதல் 15 நாட்களுக்குள் நோயால் ஏற்படும் இறப்புக்கு இழப்பீடு கிடையாது. விபத்து இறப்புக்கு இந்தத் தடை பொதுவாக இல்லை. பாம்புக் கடி, மின்னல், மின்சாரம் தாக்கியது போன்றவற்றால் இறந்திருந்தால் அதை மருத்துவர் அறிக்கையில் தெளிவாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். 15 நாள் கடந்த பிறகும் "பழைய நோய்" என்று கம்பெனி சொன்னால், காப்பீட்டின்போது மாடு நலமாக இருந்தது என்று மருத்துவர் கொடுத்த சான்றே அதற்குப் பதில்.

4. தடுப்பூசி போடவில்லை: கோமாரி, தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான் போன்ற நோய்களால் மாடு இறந்தால் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும். முகாமில் ஊசி போட்டுக்கொண்டு சீட்டு வாங்காமல் வருவது பலரது வழக்கம். ஊசி போட்ட விவரம் கால்நடை மருந்தகப் பதிவேட்டில் இருக்கும். அதிலிருந்து சான்று பெற்று இணைக்கலாம்.

5. வைத்தியம் பார்க்கவில்லை: மருந்தகத்தில் தரும் சீட்டையும் மருந்துக்கடை ரசீதையும் தூக்கி எறியக் கூடாது. மாடு சாகும் வரை விவசாயி அதைக் கவனித்தார் என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டுகளே அத்தாட்சி.

பிரேத பரிசோதனையில் ஒரு முக்கிய விஷயம்

மாடு இறந்ததும் கம்பெனிக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் தகவல் தர வேண்டும். போனில் சொன்னால் மட்டும் போதாது. குறுஞ்செய்தியோ கடிதமோ அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். வில்லை தெரியும்படி தலைப்பகுதியையும், முழு உடலையும், இறந்து கிடந்த இடத்தையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. பரிசோதனை முடியும் முன் மாட்டைப் புதைக்கக் கூடாது.

திடீரென்று இறந்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கருமையான இரத்தம் வடிந்திருந்தால் அடைப்பான் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். அந்த மாட்டை அறுத்துப் பரிசோதிக்கவே கூடாது. அறுத்தால் கிருமி காற்றுப் பட்டு வித்துகளாக மாறி, மண்ணில் பல்லாண்டு காலம் உயிரோடு இருக்கும், மனிதருக்கும் தொற்றும். இத்தகைய மாட்டில் இரத்தப் பூச்சு மட்டும் எடுத்து மருத்துவர் சோதனைக்கு அனுப்புவார். "பிரேத பரிசோதனை அறிக்கை இல்லை" என்று பின்னர் கம்பெனி மறுக்காமல் இருக்க, ஏன் அறுக்கவில்லை என்பதையும் சோதனை முடிவையும் மருத்துவரின் சான்றில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இறந்த மாட்டின் வில்லையைக் கம்பெனியிடம் ஒப்படைக்கும்போது, எண்ணைக் குறிப்பிட்டு ஒப்புகைச் சீட்டு பெற வேண்டும். ஒப்புகை இல்லாமல் கொடுத்து விட்டு, "வில்லை வந்து சேரவில்லை" என்ற பதிலைப் பெற்றுத் திகைப்பவர்கள் உண்டு.

தொகையைக் குறைத்துக் கொடுத்தால்

60,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்த மாட்டுக்கு 35,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பல பாலிசிகளில் "காப்பீட்டுத் தொகை அல்லது நோய்க்கு முன் இருந்த சந்தை மதிப்பு, இவற்றில் எது குறைவோ அது" என்ற நிபந்தனை இருக்கும். மாடு கிழடாகி விட்டது, கறவை வற்றி விட்டது என்று சொல்லி மதிப்பைக் குறைப்பது இந்த நிபந்தனையின்படிதான்.

இதற்கு எதிராக மூன்று ஆதாரங்களைக் காட்டலாம். முதலாவது, காப்பீட்டின்போது மருத்துவர் நிர்ணயித்த மதிப்புச் சான்று. இரண்டாவது, மாடு வாங்கிய ரசீது அல்லது வங்கியின் கடன் மதிப்பீடு. மூன்றாவது, பால் கூட்டுறவு சங்கத்தின் பால் அட்டை. மாடு இறப்பதற்கு முந்தைய வாரம் வரை காலையும் மாலையும் ஊற்றிய பால் எத்தனை லிட்டர் என்பதை அந்த அட்டை நாள்வாரியாகச் சொல்லும். கறவை வற்றி விட்டது என்ற வாதத்திற்கு அதைவிடச் சிறந்த பதில் இல்லை.

மாடு சாகாமல் நிரந்தரமாகச் சினைப்பிடிக்கவோ கறக்கவோ இயலாமல் போனால் வழங்கப்படும் இழப்பீடு வேறு. பல பாலிசிகளில் அதற்கு 75 சதவீதம்தான் உண்டு. அதுவும் தனிப் பிரீமியம் கட்டியிருந்தால் மட்டுமே. இதில் குறைத்து விட்டார்கள் என்று புகார் செய்வதற்கு முன் பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

குறைந்த தொகையைத் தரும்போது, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கப்படும். கடன் நெருக்கடியில் பலர் கையெழுத்திட்டு விடுகிறார்கள். கையெழுத்திடும்போதே "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதுவது நல்லது. பணம் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தால் தாமதமின்றி ஆட்சேபணைக் கடிதம் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே கையெழுத்திட்டு விட்டவர்களும் மனம் தளர வேண்டாம். வற்புறுத்தியோ ஏமாற்றியோ பெறப்பட்ட கையெழுத்து, மீதித் தொகையைக் கேட்கும் உரிமையைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் வற்புறுத்தல் நடந்ததை விவசாயி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கடிதம் எழுதும் முறை

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மாதிரி வருமாறு:

"பாலிசி எண் ..., காது வில்லை எண் ... கொண்ட என் பசு ... தேதியில் இறந்தது. ... தேதியில் தகவல் தெரிவித்தேன். தங்களது ... தேதியிட்ட கடிதத்தில் ... என்ற காரணத்தால் கோரிக்கை மறுக்கப்பட்டுள்ளது. இக்காரணம் சரியன்று. ஏனெனில் ... . இதற்கு ஆதாரமாக ... நகல்களை இணைத்துள்ளேன். காப்பீட்டுத் தொகை ரூ. ... முழுவதையும் வழங்கக் கோருகிறேன்."

இதை ஒப்புதல் சீட்டுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். மூலச் சான்றுகளை அனுப்பாமல் நகல்களையே அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து எங்கே முறையிடுவது?

ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவர் அளிக்கும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

இரண்டாவது, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விவசாயி தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. மாட்டுக்குக் கட்டும் பிரீமியம் அந்த அளவை எட்டப் போவதில்லை. தாமே வாதாடலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். இழப்பீட்டோடு வட்டியும், அலைச்சலுக்கான தொகையும் கேட்கலாம். வழக்கறிஞர் உதவி வேண்டுவோர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆதி திராவிடர், பழங்குடியினருக்கும், குறைந்த வருமானம் உடையோருக்கும் அங்கு இலவச உதவி உண்டு.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் ஏற்க மாட்டார். எனவே முதலில் குறைதீர்ப்பாளரிடம் செல்வதே சிறு விவசாயிகளுக்கு எளிது. அங்கு நியாயம் கிடைக்காவிட்டால் ஆணையத்தை நாடலாம். ஆனால் அதற்குள் 2 ஆண்டுக் கெடு கடந்து விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

எல்லா மறுப்பும் தவறான மறுப்பு அல்ல. பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியானது, மாட்டை விற்ற பின் பாலிசியை வாங்கியவர் பெயருக்கு மாற்றாதது போன்றவற்றில் வாதாடிப் பயன் இல்லை. ஆனால் நியாயம் இருந்தும் காகிதம் இல்லாமல் தோற்பதுதான் வருந்தத்தக்கது.

ஆகவே மாடு நலமாகத் தொழுவத்தில் நிற்கும் இன்றைக்கே, பாலிசி நகல், மாடு வாங்கிய ரசீது, மருத்துவர் சான்று, தடுப்பூசிச் சீட்டு, பால் அட்டை, வில்லை தெரியும் படம் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு, வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். பாலிசியில் உள்ள வில்லை எண்ணையும், மாட்டின் காதில் உள்ள எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓர் எண் பிசகியிருந்தாலும், மாடு உயிரோடு இருக்கும்போது ஒரு கடிதத்தில் அதைத் திருத்தி விடலாம்.