உடலுக்குப் புறத்தே ஓர் இருதயம்

இயந்திரம் மனிதனுக்குக் கைத்துணையாயிருந்த நிலை மாறி, உயிர்த்துணையாகவும் அமையத் தொடங்கி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, பிலடெல்பியா நகரில் ஜோன் கிப்பன் என்னும் சத்திர வைத்தியர், இருதயத்தின் தொழிலையும் சுவாசப்பைகளின் தொழிலையும் இயந்திரமொன்றிடம் ஒப்படைத்து, ஓர் இளம்பெண்ணின் இருதயத்திலிருந்த துவாரத்தைத் தைத்து மூடினார். அன்று அவ்வியந்திரம் முழுப் பாரத்தையுஞ் சுமந்தது 26 நிமிடங்களே. 1971இல் டொனால்ட் ஹில் என்பாரும் அவர்தங் குழுவினரும் விபத்துக்குள்ளான இளைஞனொருவனை 75 மணி நேரம் இவ்வாறு தாங்கி உயிர்பிழைக்கச் செய்தனர். இன்றோ, ‘எக்மோ’ எனப்படும் இம்முறையால் நோயாளரை வாரக்கணக்காகத் தாங்குதலும் இயல்வதாயிற்று.

இதன் தொழிற்பாடு எளிதில் விளங்கத்தக்கது. பெருநாளத்திலிருந்து ஈர்க்கப்படுங் குருதியைப் பம்பியொன்று மென்சவ்வாலாய செயற்கைச் சுவாசப்பைக்குச் செலுத்தும். ஆங்கு காபனீரொட்சைட்டு நீங்கி, ஒட்சிசன் ஏறும். சுவாசப்பை மட்டுமே பழுதுற்றவர்க்கு அக்குருதி மீண்டும் நாளத்தையே சேரும். இருதயமுந் தளர்ந்தவர்க்கு நாடியினுட் புகும். வளர்ந்தோரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 5 இலீற்றர் வரை இவ்வாறு சுற்றியோடும்.

விளங்குதல் எளிது, காத்தலே அரிது. அந்நியப் பொருளைத் தீண்டுங் குருதி உறையும். உறையாதிருக்க ஹெப்பரின் கொடுப்பின், காயங்களிலிருந்து குருதி பெருகும். மூளையினுட் கசியின் உயிருக்கே இறுதியாகும். இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை இதுவே. ஆதலின் வைத்தியர் குருதியை அடிக்கடி சோதித்து மருந்தின் அளவைக் கூட்டியுங் குறைத்தும், பெருக்கு மிகுந்துழிச் சிறிது காலம் நிறுத்தியும் வைப்பர். தாதியர் மின்சூள் கொண்டு குழாய்களையும் மென்சவ்வையும் நோக்கி, கருந்திட்டுக்கள் தோன்றுகின்றனவா எனத் தேடுவர். உறைவு மிகின் செயற்கைச் சுவாசப்பையையே மாற்றுதல் வேண்டும்.

தொடைநாடியிற் குழாய் புகுத்தப்பட்டவிடத்து அக்காலுக்குக் குருதி குன்றலாம். பாதம் குளிர்ந்து வெளிறுதல் அதன் அறிகுறி. கீழ்நோக்கிச் சிறு குழாயொன்றைச் செலுத்திக் காலைக் காப்பர்.

இன்னுமொரு விந்தை உண்டு. இருதயம் தேறி, சுவாசப்பை தேறாவிடின், இருதயம் தள்ளும் ஒட்சிசன் குன்றிய குருதி மூளையை அடைய, இயந்திரத்தின் நற்குருதி உடலின் கீழ்ப்பாகத்தையே பேணும். கால் சிவந்திருக்கத் தலை நீலிக்கும்! இதனை இடக்கையோ காலோ காட்டாது மறைத்தல் கூடும். வலக்கையில் அளந்தே உண்மையறிவர்.

இத்துணை இடர்களையுந் தாங்கியும் இவ்வியந்திரம் நோயைத் தீர்ப்பதன்று. உடல் தானே தேறுதற்கு அவகாசம் ஈட்டித் தருவதேயாம். தேறும் வழியும் மாற்றுறுப்புக்கு வழியும் அற்றவிடத்து, அதனை நிறுத்துதல் பற்றி உறவினரோடு அமர்ந்து பேசும் பொறுப்பும் வைத்தியருக்கு உண்டு. பம்பியை இயக்கக் கற்றல் ஒரு கல்வி. எப்போது நிறுத்துவதென அறிதல் அதனினும் பெரிய கல்வி. வைத்தியத்துறையை நாடும் நம் மாணவர் இவ்விரண்டையுங் கற்பாராக.