"புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதுமா? வேலையிடப் பாதுகாப்பும் மேலாளரின் பேச்சும்

காலை 8 மணி. கட்டுமானத் தளத்தில் 'டூல்பாக்ஸ் மீட்டிங்'. மேற்பார்வையாளர் அன்றைய ஆபத்துகளைப் பட்டியலிட்டு முடிக்கிறார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

"யெஸ் பாஸ்!"

கையெழுத்துப் போட்டுவிட்டு ஊழியர்கள் கலைகிறார்கள். பின்வரிசையில் நின்ற ஒருவருக்கு மட்டும், நேற்று மாலை சாரத்தில் ஒரு பலகை ஆடியது தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

எண்கள் என்ன சொல்கின்றன?

சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு வேலையிட விபத்துகளில் 46 பேர் மாண்டனர். 2023இல் அந்த எண்ணிக்கை 36க்குக் குறைந்தது. 2024இல் மறுபடியும் 43க்கு ஏறியது. வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுவது, கட்டமைப்போ சாதனமோ சரிவது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

இவற்றில் பல திடீரென நடப்பவை அல்ல. தளர்ந்த பலகை, பழுதான பிரேக், மூடாத குழி என்று முன்கூட்டியே ஏதாவது ஓர் அறிகுறி இருக்கும். அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும் ஊழியர். அவருக்குத் தெரிந்தது மேலாளருக்கும் தெரியவேண்டும். சிக்கல் அங்கேதான்.

ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க?

முதல் காரணம் பயம். வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதி ஒரு குறிப்பிட்ட முதலாளியோடு இணைந்தது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்காக ஊரில் கடன் இருக்கலாம். "வாயைத் திறந்தா ஊருக்கு அனுப்பிடுவாங்களோ" என்ற எண்ணம் ஒருவரை ஊமையாக்கிவிடும்.

இரண்டாவது மொழி. ஒரே தளத்தில் தமிழ், வங்காளம், மாண்டரின், ஆங்கிலம் எல்லாம் புழங்கும். புரியாவிட்டாலும் தலையாட்டுவது எளிது.

மூன்றாவது அனுபவம். போன தடவை சொன்னார், ஒன்றும் நடக்கவில்லை. இனி ஏன் சொல்லணும்?

சொன்னால் மட்டும் போதுமா?

போதாது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி நடந்த நிக்கல் ஹைவே விபத்து அதற்குச் சான்று. வட்டப் பாதை ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளத்தில் அன்று காலையே வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டது. பள்ளத்தைத் தாங்கிய எஃகு உத்திரங்களின் இணைப்புகள் நெளிந்திருந்ததும் தெரிந்தது. கான்கிரீட் ஊற்றிப் பலப்படுத்தும் முயற்சி நடந்தது. பிற்பகலில் பள்ளம் சரிந்தது. 4 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர், தம் ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஃபோர்மன்.

அறிகுறி யாருக்கும் தெரியாமல் இல்லை. "வேலையை நிறுத்து, எல்லாரும் வெளியே வா" என்ற முடிவுதான் உரிய நேரத்தில் வரவில்லை. அந்த முடிவை எடுக்கவேண்டியது நிர்வாகம்.

எப்படிப் பேசினால் பலன் கிடைக்கும்?

* கேள்வியை மாற்றுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் "யெஸ்" மட்டும்தான் வரும். "தம்பி, இன்னிக்கு பெல்ட்டை எங்க மாட்டப் போறீங்க? காட்டுங்க" என்று கேட்டால், புரிந்ததா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும்.

* வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். அலுவலக அறையில் கேட்டால் "பிரச்சினை இல்லை" என்பார்கள். சாரத்தின் பக்கத்தில் நின்று "இதுல உங்களுக்கு எது பயமா இருக்கு?" என்று கேட்டால் கை தானாக ஒரு பக்கம் நீளும்.

* அவர்கள் மொழியில் பேசுங்கள். மேலாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துச் செல்லலாம்.

* முதல் கேள்வி "யார் செஞ்சது?" என்று இருக்கவேண்டாம். "எப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். ஒரு முறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைத்துவிடுவார்.

* பதில் சொல்லுங்கள். "நேத்து நீங்க சொன்ன பலகையை மாத்தியாச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னால், மறுநாள் இன்னொருவர் பேசத் துணிவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால், சரியாகும்வரை அந்த இடத்தில் வேலையை நிறுத்தவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிகளுக்குப் பொறுப்பு சுமத்துகிறது. 2022 அக்டோபரில், தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் சபைகளுக்கும் தனி நடைமுறை விதித்தொகுப்பு வெளியானது. அதன் 4 கொள்கைகளில் ஒன்று, பாதுகாப்பில் ஊழியர்கள் தீவிரமாகப் பங்கெடுக்க வழிசெய்வது. ஆக, ஊழியரிடம் பேசுவது மேலாளர் காட்டும் கருணை அல்ல. அவரது வேலையில் ஒரு பகுதி.

2024 ஜூன் முதல், சட்டத்தின்கீழ் உள்ள விதிமுறைகளை மீறுவோருக்கான உச்ச அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளிக்கு உயர்ந்தது. 5 மில்லியன் வெள்ளி அல்லது அதற்கும் அதிக மதிப்புள்ள கட்டுமானத் தளங்களில் கண்காணிப்புக் கேமரா கட்டாயமானது. கேமராவால் பலகை ஆடுவதைப் படம் எடுக்க முடியும். அதில் கால் வைத்தவருக்கு எப்படி இருந்தது என்பதை அவரைக் கேட்டால்தான் தெரியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

படிப்பை முடித்துவிட்டு நாளை நீங்களே தளப் பொறியாளராகவோ பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராகவோ போகலாம். அப்போது உங்கள் தமிழ் அங்கே பெரிய துணை. வெளியே இருப்பவர்களும் சும்மா இருக்கவேண்டியதில்லை. ஆபத்தான வேலையைப் பார்த்தால் 'ஸ்னாப்சேஃப்' தளம் வழியாகப் படம் எடுத்து மனிதவள அமைச்சிடம் தெரிவிக்கலாம்.

தளத்தில் இருப்பவர் என்றால், நாளைக் காலை "புரிஞ்சுதா?" என்று முடிப்பதற்கு முன் பின்வரிசையைப் பாருங்கள். "அண்ணே, நேத்து ஏதாச்சும் சரியில்லாம இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.